மின்னஞ்சலுக்கு முன் வாசலுக்குப் போனவர்

செய்தி வந்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். டவுன்டவுனில் எங்கள் கூடைப்பந்து அணியின் அலுவலகம். சுவரில் பெரிய திரை, அதில் 'மீள்கட்டுமானம்: மூன்றாம் ஆண்டு' என்ற தலைப்பு. அதற்குக் கீழே, வரும் பருவத்துக்கு யாரை வைத்திருப்பது, யாரை வெட்டுவது என்று இரண்டு நிரல்கள். மேசையில் கிடந்த என் கைத்தொலைபேசி அதிர்ந்தது. றெஜினா அக்காவின் கணவர் அருளப்பு அண்ணை ஒற்றை வரி அனுப்பியிருந்தார். "றெஜினா விடியப் போயிட்டா, தம்பி."

நான் அதை வாய்விட்டுச் சொன்னேன். எங்கள் பொது முகாமையாளர், "ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வோம்" என்றார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எதிரே மணிக்கூடு இருந்தது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் தோளில் கை வைத்து, அணியின் இணையத்தளத்துக்கு இரண்டு பந்தி எழுதித் தரும்படி கேட்டார். குடும்பத்தோடு நேரம் செலவிடுவதற்காக ஓய்வு பெற்றார் என்று போடச் சொன்னார்.

அந்த இரண்டு பந்தியையும் நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். இது வேறு. இது அக்காவை அறிந்த உங்களுக்கு. கோயில் மண்டபத்தில் அவரோடு கதிரை அடுக்கியவர்களுக்கு, புள்ளி மேசையில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு, அவர் கையால் மீன் பணிஸ் வாங்கித் தின்றுவிட்டு அழுத வீரர்களுக்கு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். றெஜினா அக்கா ஓய்வு பெறவில்லை. துரத்தினார்கள். துரத்தப்போகிறார்கள் என்று நான்கு நாள் முன்பே தெரிந்திருந்தவன் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அக்கா மன்னாரில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் நடு ஆட்டக்காரி. இந்த நகரத்துக்கு வந்து வில்லரே பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் குசினியில் பல வருடம் சமையல் வேலை. சனி, ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள் நடத்திய சிறிய கூடைப்பந்துப் போட்டிகளுக்குப் புள்ளி எழுதுவார். தாளின் முன்பக்கத்தில் எல்லோரும் எழுதுகிற மாதிரிப் புள்ளிகள். பின்பக்கத்தில் தமிழில் தன்பாட்டுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். அப்போது எங்கள் அணி தொடங்கிய புதிது. முதல் பயிற்றுநர் ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தவர், இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறார். அக்கா தனக்குத் தெரிந்த குசினிப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பதினொன்று: கத்துகிறான், ஓடுகிறான் இல்லை. ஏழு: பந்து கையை விட்டுப் போன பிறகும் ஓடுகிறான்.

அந்த ஏழாம் இலக்கத்தைப் பயிற்றுநர் அணிக்கு எடுத்தார். அடுத்த மாதம் அக்காவையும் எடுத்தார், வீரர்களைப் பார்த்துத் தெரிவு செய்கிற வேலைக்கு. ஏழாம் இலக்கம் வேறு யாருமல்ல, பிறகு எட்டுப் பருவம் எங்களுக்குத் தலைவனாக இருந்த மார்க்-அந்துவான்தான்.

பந்து வைத்திருப்பவனை அவர் பார்க்கவே மாட்டார். அவரோடு ஆட்டம் பார்க்கப் போனால் எரிச்சலாக இருக்கும். எல்லோரும் எழும்பிக் கைதட்டுகிற நேரம் அவர் மற்ற மூலையில் எவனையோ பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று கேட்டதற்கு ஒருமுறை சொன்னார். "வலைப்பந்தில பந்து கிடைச்சவள் நிண்டிட வேணும் தம்பி. ஓட வேண்டியது மற்ற ஆறு பேரும்தான். நான் அந்த ஆறு பேரைப் பார்த்துப் பழகினனான்." இதை விளங்கிக்கொள்ள எனக்கு வருடங்கள் எடுத்தன. நான் அணியின் தரவு ஆள். யார் எத்தனை போட்டான், எத்தனை பிடித்தான், எத்தனை தவறவிட்டான் என்று கணினியில் அட்டவணை போடுவது என் தொழில். என் அட்டவணையில் பந்து தொட்டவன் மட்டுமே இருப்பான்.

எங்கள் மாதிரியான அணிகளில் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான். கோடை தொடங்குமுன் பயிற்சி முகாமுக்கு இருபது பேர் வருவார்கள். பன்னிரண்டு பேரின் பெயர் நிற்கும். மற்றவர்களை வெட்ட வேண்டும். மற்ற அணிகளில் அதற்கு ஒரு மின்னஞ்சல், அல்லது உடைமாற்றும் அறைக் கதவில் ஒரு கடதாசி. அக்கா வந்த பிறகு எங்களிடம் அது நடக்கவில்லை. பட்டியல் வெளிவருகிற அன்று காலையில் வீட்டில் மீன் கறியை மாவுக்குள் வைத்து மீன் பணிஸ் சுட்டு, பெட்டியில் அடுக்கிக்கொண்டு மெட்ரோ ஏறிவிடுவார். ஒவ்வொருவன் வீட்டுக்கும் போவார். சப்பாத்தைக் கழற்றி வைப்பார். வாசலில் நின்று சொல்லமாட்டார், உள்ளே போய் இருந்துதான் சொல்வார். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். அவன் தன் தாய்க்கோ மனைவிக்கோ தொலைபேசி எடுக்கும்வரை எழும்பமாட்டார்.

இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள், உங்கள் வேலை இல்லையே என்று நான் கேட்டேன். காப்பகத்துக் குசினியில் இருந்து தன்னை நிற்பாட்டியபோது யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். "அலுமாரிக் கதவில ஒரு துண்டு ஒட்டிக் கிடந்தது. பருப்பு எடுக்கப் போய் வாசிச்சனான்." அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அந்தக் கதையைத் தொட்டதில்லை.

இந்தப் பழக்கத்தால் ஒரு கூத்தும் நடந்தது. செனகலில் இருந்து வந்து எங்களுக்கு ஆடிய நெட்டையன் ஒருவனுக்கு நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வீடு. அவனுடைய மகளுக்குப் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டு, அக்கா பாசத்தில் ஒரு பெட்டி மீன் பணிஸோடு போய் நின்றிருக்கிறார். பருவத்தின் நட்டநடு. அவன் கதவைத் திறந்தான், பெட்டியைப் பார்த்தான், உள்ளே போய்ச் சூட்கேஸை இழுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டான். மனைவி அழுகிறாள். பிள்ளை தொப்பியோடு நிற்கிறது. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். விளங்கியதும் அவன் அடுக்கிய உடுப்பை அவரே வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நல்ல செய்திக்கு வெறுங்கையோடுதான் போவது என்று வைத்துக்கொண்டார். அக்கா கையை வீசிக்கொண்டு வந்தால் எங்கள் ஆட்கள் துள்ளுவார்கள்.

இப்போது இந்த மீள்கட்டுமானத்துக்கு வருகிறேன்.

அணியை வேறு ஆட்கள் வாங்கினார்கள். புதிய பொது முகாமையாளர் வந்தார். வந்தவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். எங்கள் போட்டித் தொடரில், கடைசியாக வருகிற அணிக்குத்தான் அடுத்த முறை பல்கலைக்கழக வீரர்களில் முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமை. ஆகவே வயது போனவர்களை எல்லாம் விட்டுவிடுவது. ஒரு பருவம், தேவையென்றால் இரண்டு பருவம் தோற்பது. நல்ல இளம் ஆட்களைச் சேர்ப்பது. மூன்றாம் ஆண்டு வெல்வது. தோற்பது என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லை, 'பொறுமை' என்று சொன்னார். மனிதர் பொறுமையைப் பற்றிப் பேசிய அழகைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும்.

அக்கா அந்தக் கூட்டத்தில் கை உயர்த்தி, தோற்றுப் பழகினவர்களை வைத்துக்கொண்டு பிறகு யாரை வெல்லச் சொல்வீர்கள் என்று கேட்டார். முகாமையாளர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைத் திரையில் போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன். மார்க்-அந்துவானுக்கு முப்பத்து நான்கு வயது. போடுவது குறைவு, பிடிப்பது குறைவு. என் நிரலில் கீழே இருந்து இரண்டாவதாக இருந்தான். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் தமிழில் என்னைக் கேட்டார்.

"உந்த அட்டவணையில, மற்றவனுக்கு வழி விட்டவன் எங்க இருக்கிறான் தம்பி?"

இல்லை அக்கா என்றேன்.

"அப்ப இது அரைவாசிதானே. மற்ற அரைவாசியை ஆர் பார்த்தது?"

பார்த்தவர் அவர்தான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என்ன சொன்னார் என்று முகாமையாளர் கேட்டபோது, அட்டவணை பற்றி ஒரு சந்தேகம் கேட்டார் என்று மொழிபெயர்த்தேன். மார்க்-அந்துவானை வெட்டினார்கள்.

இனிமேல் எல்லாம் மின்னஞ்சலில், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, சட்டத்தரணி சொன்ன வாசகத்தில்தான் என்று கட்டளை வந்தது. அக்கா அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே பெட்டியோடு மார்க்-அந்துவான் வீட்டில் இருந்தார். தெரிந்துவிட்டது. ஒழுங்கை மீறினார், இரகசியம் காக்கவில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை நாலாக மடித்து மெட்ரோ அட்டை வைக்கிற பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கோடை நாங்கள் தோற்றோம், தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம். அக்கா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து கடைசி மணி அடிக்கும்வரை எழுதினார். கோயிலில் யாரோ ஒருவர், இன்னும் அந்தப் பந்து வேலைதானோ என்று நக்கலாகக் கேட்டாராம். ஓம், இன்னும் உருளுது என்று சொன்னாராம். நம் சனமும் ஒரு நாளும் அந்த மனுசியின் வேலையை வேலையாக நினைக்கவில்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு வந்தது சென்ற ஆண்டு மாசி மாதம். ஒரு வியாழக்கிழமை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். மீள்கட்டுமானம் அலுவலகத்துக்கும் உண்டு என்றார். பெயர்களைக் காட்டினார், அக்காவின் பெயர் முதலாவது. அவருடைய கணினிக் கணக்கை மூடுவதற்கு ஆயத்தம் செய்ய வேண்டும், திங்கட்கிழமை வரை வாய் திறக்கக்கூடாது என்றார். நான் சரி என்றேன். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், மனைவிக்கு அப்போது வேலை இல்லை. இந்தக் காரணங்களை நான் பல தடவை எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் உண்மைதான். ஒன்றும் உதவவில்லை.

சனிக்கிழமை அக்காவும் நானும் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆட்டம் பார்க்கப் போனோம். ஏலியாஸ் என்ற இளம் வீரனைப் பார்க்க. அந்த வருடம் எல்லா அணிகளும் கண் வைத்திருந்த பெயர். அக்கா கொப்பியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இடைவேளையில் பையில் இருந்து ஒரு மீன் பணிஸ் எடுத்து, பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார். தவக்கால விரதம் தொடங்கப்போகிறது, மீன் வாங்கியது மிச்சம் என்றார். முகம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கிறது என்று கேட்டார். நித்திரை இல்லை அக்கா என்றேன். தின்றேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அவருடைய அலுவலக அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. வெளியே பனி. அட்டையைக் கோட்டில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். ஈரம் பட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், பத்து அடி தூரத்தில் நின்றேன். அவர் என்னைக் கண்டு கையைக் காட்டினார், திறந்துவிடும் என்கிற மாதிரி. நான் அசையவில்லை. காவலாளி ஒரு கடதாசியோடு வெளியே போனார். அக்கா தொலைபேசியை எடுத்து, அவர் ஒருபோதும் பார்க்காத மின்னஞ்சலை அந்த வாசலில் நின்று வாசித்தார். எத்தனையோ பேரின் வாசலுக்குப் போனவர். அவருக்கு வாசலில் நடந்தது இது.

மத்தியானம் அவருடைய மேசையைத் துப்பரவாக்கினார்கள். கணினியை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு வருடக் கொப்பிகளையும் நீலத் தொட்டியில், பழைய கடதாசிகளோடு போட்டார்கள். யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தாம். எனக்குத் தெரியும் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. மேலே கிடந்த கடைசிக் கொப்பியை மட்டும் ஜக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தேன். மற்றவற்றை எடுக்கப் பயந்தேன்.

அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உமக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை அக்கா."

வெள்ளி, சனி என்று அவர் எண்ணுவது கேட்டது. பிறகு, "சனிக்கிழமை பணிஸ் சாப்பிட்டனீர்" என்றார்.

"ஓம் அக்கா."

"சரி" என்று வைத்துவிட்டார்.

அவர் என்னோடு கோபித்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. தைப் பொங்கலுக்கு, எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். அக்காவுக்கு நோய், முற்றிவிட்டது என்று அருளப்பு அண்ணை சொன்னபோது, வாற கிழமை வாறன் என்றேன். அந்தக் கிழமை வரவே இல்லை. மன்னித்தாரோ தெரியாது. கேட்பதற்கு நான் போகவில்லை.

அக்காவைத் துரத்திய பிறகு முகாமையாளர் ஏலியாஸை முதல் ஆளாக எடுத்தார். படம் பிடித்தார்கள், மீள்கட்டுமானத்தின் மூலைக்கல் என்றார்கள். சுற்றிவர ஒரு பெரியவன் இல்லாத அணியில், இருபத்து மூன்று வயது ஆளை ஒவ்வொரு ஆட்டத்திலும் முழு நேரமும் ஓடவிட்டார்கள். முழங்கால் வீங்கியது. ஊசி போட்டு ஓடவிட்டார்கள். ஒரு கோடை தோற்று எடுத்து, அடுத்த கோடையில் முறித்த அந்த மூலைக்கல்லின் பெயர்தான், அக்கா இறந்த செய்தி வந்தபோது திரையில் வெட்டுகிற நிரலில் இருந்தது.

அடக்கம் வியாழக்கிழமை நடந்தது. அணியின் நிறத்தில் ஒரு பெரிய மலர்வளையம் வந்திருந்தது, அதில் அக்காவின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். அருளப்பு அண்ணை அதைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் மார்க்-அந்துவான் முன்னால் நின்றான். பிறகு மண்டபத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தான். தன் வீட்டுக்கு அக்கா வந்த நாளைச் சொன்னான். பெட்டியைக் கண்டதும் தான் சிரித்துவிட்டதாகவும், தான் சிரிப்பதைப் பார்த்து அக்கா அழுததாகவும், பிறகு இருவருமாக மிச்சம் வைக்காமல் தின்றதாகவும் சொன்னான். கொஞ்சம் பொறுத்து, ஏலியாஸிடம் யார் போகிறார்கள் என்று கேட்டான்.

நாளைக்கு ஐந்து மணிக்கு மின்னஞ்சல் என்றேன்.

அவன் கோப்பையை வைத்துவிட்டு, அருளப்பு அண்ணையிடம் போய்விட்டான். அவன் என்னை அறைந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவின் கொப்பியை முதல் தடவையாகத் திறந்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே கிடந்தது. கடைசிப் பக்கம் அந்தச் சனிக்கிழமை. என் பக்கத்தில் இருந்து எழுதியது. மீன் எண்ணெய் பட்ட அடையாளமும் இருந்தது. "ஏலியாஸ். பந்து இல்லாத நேரமும் கண் ஓடுது. நல்ல பெடியன். இன்னும் இரண்டு வருசம் விட வேணும். பக்கத்தில மார்க் மாதிரி ஒரு ஆள் வேணும். இப்ப எடுத்தா முறிச்சுப்போடுவினம். திங்கள் சொல்ல வேணும்."

திங்கள் சொல்ல வேணும். அந்தத் திங்கள் அவரை உள்ளே விடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது நான்.

நேற்று வெள்ளிக்கிழமை. எனக்குச் சுடத் தெரியாது. எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் ஆறு மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு நோத்ர-டாம்-த-கிரேஸில் ஏலியாஸின் வீட்டு மணியை அடித்தேன். அவன் ஒரு நாளும் அக்காவின் பெட்டியைக் கண்டதில்லை. ஆனால் உடைமாற்றும் அறையில் கதை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தான். பிறகு முழங்காலைத் தாங்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டான்.

சப்பாத்தைக் கழற்றினேன். இருந்தேன். சொன்னேன். ஏன் என்று கேட்டான். உன்னை எடுக்க வேண்டிய காலத்துக்கு இரண்டு வருடம் முந்தியே எடுத்துவிட்டார்கள், முழங்காலைக் கெடுத்ததும் அவர்கள்தான், அவர்களுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது நான் என்றேன். அப்போது இதை ஒருவருமே சொல்லவில்லையா என்று கேட்டான். கொப்பியைத் திறந்து, மெதுவாகப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டினேன். இதில் என் பெயர் எது என்றான். விரலை வைத்துக் காட்டினேன். அந்த நான்கு எழுத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாய்க்குத் தொலைபேசி எடுத்தான். எடுக்கும்வரை நான் எழும்பவில்லை.

திங்கட்கிழமை என் அட்டைக்குக் கதவு திறக்குமோ தெரியாது. திறக்காவிட்டால், எனக்கும் ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை. பரவாயில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து ஏலியாஸிடமே கொடுத்துவிட்டு வந்தேன், அது அவனுக்கு எழுதியது. கொப்பியின் மிச்சத்தை அருளப்பு அண்ணையிடம் கொடுத்துவிடுவேன். எனக்கென்று அக்கா விட்டுப்போனது தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வரிதான். சனிக்கிழமை பணிஸ் சாப்பிட்டனீர். அதை நான் வைத்திருக்கிறேன்.